ஈரம் வரும் வழியும் போகும் வழியும்: ஐப்பசி முதல் தை வரை திருச்சி வீடு

திருச்சியில் இருந்துகொண்டு குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார் செய்வது பற்றி எழுதினால், சித்திரை வெயிலில் இந்த ஊருக்கு வந்துபோனவர்கள் சிரிப்பார்கள். மார்கழி விடியற்காலையில்கூட இங்கே வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். சில நாள் இரண்டு மூன்று டிகிரி கீழே இறங்கும். அன்றைக்குப் புத்தூர் நால் ரோட்டில் பால் வாங்க வருகிற எல்லார் காதிலும் மஃப்ளர் ஏறியிருக்கும். பத்து மணி வெயில் வந்ததும் கழன்றுவிடும். ஆள் தாங்கிக்கொள்கிற குளிர்தான் இது. வீடு தாங்காதது, ஐப்பசியில் தொடங்கித் தை முடிய ஏறிக்கொண்டே போகும் ஈரம்.

இந்த ஊருக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. மழை விட்டதும் பனி. ஐப்பசியில் சுவர் குடித்த தண்ணீர், வெயில் உறைக்காத அடுத்த இரண்டு மாதமும் சுவருக்குள்ளேயே கிடக்கும். பீரோவுக்குப் பின்னால் பூசணம் பிடிப்பது, தாத்தாவுக்கு இழுப்பு வருவது, துவைத்த துணியில் நாற்றம் போகாதது எல்லாம் தையில்தான் தலைகாட்டும், விதைத்தது ஐப்பசி. ஆகவே இந்த அத்தியாயத்தில் இரண்டே வேலை. மழைத்தண்ணீரை உள்ளே விடாதிருப்பது ஒன்று. உள்ளே வந்துவிட்ட ஈரத்தைக் காற்றோடு அனுப்பிவைப்பது மற்றொன்று. இரண்டாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

டொரோண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகள், குளிர் வருகிறதென்று ஜன்னல் இடுக்கையெல்லாம் ஃபோம் பட்டை ஒட்டி அடைப்பதைப் படம்பிடித்து அனுப்புவார்கள். அங்கே வெளியே உறைபனி, உள்ளே ஹீட்டர். இடுக்கில் வெளியேறும் சூடு அவர்கள் கட்டுகிற பில். இங்கே ஹீட்டரும் இல்லை, காப்பாற்ற வேண்டிய சூடும் இல்லை. அதே பட்டையை வாங்கிப் புத்தூர் ஃபிளாட்டின் அலுமினிய ஜன்னலில் ஒட்டினால், குக்கர் ஆவியும் ஈரத்துணி ஆவியும் உள்ளேயே சுற்றி, வடக்குச் சுவர் மூலையில் கறுப்புப் புள்ளிகளாக வந்து உட்காரும்.

நம் முன்னோரும் அடைத்தவர்கள்தாம். நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் கூதிர்கால மாளிகையில் சாளரக் கதவுகள் சாத்திக் கிடக்கின்றன, விசிறியில் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது, சந்தனம் அரைக்கும் கல் வேலையில்லாமல் இருக்கிறது, நெருப்புச் சட்டி எரிகிறது. ஆனால் அது மரமும் சுண்ணாம்புமாக மூச்சுவிடுகிற கட்டடம். நாம் இருப்பது சிமெண்டும் டைல்ஸும் பிளாஸ்டிக் பெயிண்டும் பூசி இறுக்கிய பெட்டியில்.

புரட்டாசியில் மாடி

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாளாக வானிலைத் துறை அக்டோபர் 20-ஐ வைத்திருக்கிறது. ஐப்பசி பிறந்து மூன்றாவது நாள். மாடி வேலை அதற்குள் முடிந்து காய்ந்திருக்க வேண்டும். முதல் மழைக்குப் பிறகு ஊரில் எல்லா மாடியும் ஒன்றாக ஒழுகும். கொத்தனார் போனை எடுக்க மாட்டார். எடுத்தாலும், நல்ல கொத்தனாராக இருந்தால் ஈரத்தின் மேல் பூச ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மாடியின் மீது மரியாதை வரும். 1000 சதுர அடி மொட்டை மாடியில் ஓர் இரவில் 5 சென்டிமீட்டர் மழை விழுந்தால் சேரும் தண்ணீர் ஏறக்குறைய 4,600 லிட்டர். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் நாலரைத் தொட்டி. அவ்வளவும் இரண்டு குழாய் வாய் வழியாக இறங்கியாக வேண்டும். அந்த வாயில் ஒரு பால் பாக்கெட் உறை, கொஞ்சம் வேப்பிலை, காக்கை கொண்டுவந்து போட்ட எலும்பு இருந்தால் போதும், மாடி குளமாகும். குழாய் வாய்க்குத் தட்டையான சல்லடை வேண்டாம். அதன்மேல் ஓர் இலை படுத்தாலே அடைத்துக்கொள்ளும். கூம்பாக மேலெழுந்த சல்லடை மூடி பிளம்பிங் கடையில் கிடைக்கும், அதைப் போடுங்கள். பிறகு மேலிருந்து ஒரு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றிவிட்டுக் கீழே ஆளை நிறுத்திப் பாருங்கள். கீழே வரத் தாமதமானால் குழாய் வளைவில் அடைப்பு இருக்கிறது.

அடுத்து மாடி முழுக்கக் கூட்டிவிட்டு, குழாய்க்கு எதிர் மூலையில் தண்ணீர் ஊற்றி அது ஓடுகிற வழியைக் கவனியுங்கள். தேங்குமிடத்தைச் சுற்றிச் செங்கல் துண்டால் கோடு போட்டு வையுங்கள். கொத்தனாரிடம் வாயால் விளக்குவதைவிடக் கோடு நன்றாகப் பேசும். கான்கிரீட் தளமாக இருந்தால் குழாய் வாயை அடைத்து ஓரங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டுவிட்டு, உள்ளே கூரை எங்கே கறுக்கிறது என்று பார்க்கலாம்.

மெட்ராஸ் டெரஸ் வீட்டில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். ஓரங்குலத் தண்ணீர் என்றால் 1000 சதுர அடிக்கு இரண்டேகால் டன்னுக்கும் மேலே பாரம். தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, தட்டோடு பதித்த தளம் அது. உத்தரத்தின் நடுப்பகுதி வைரம்போலத் தெரியும். சுவருக்குள் புதைந்த அதன் முனை எந்த நிலையில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஸ்ரீரங்கத்து உத்தர வீதி, சித்திரை வீதி வீடுகளில் இத்தகைய தளங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்குச் சிமெண்ட் வேலை ஆகாது என்பது என் உறுதியான கருத்து. சுண்ணாம்புத் தளம் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும்போது அதோடு ஒட்டாத சிமெண்ட் தனியே பிளந்துகொள்ளும். பிளவில் இறங்கிய நீர் மேலே ஆவியாகப் போக வழியில்லாமல் உத்தரத்துக்கு இறங்கும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு வேலை செய்யத் தெரிந்த மூத்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள், கூலியும் அதிகம் கேட்பார்கள். கொடுக்கலாம்.

பெரும்பாலான ஒழுகல் தளத்தின் நடுவில் வருவதில்லை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில் வருகிறது. அந்த மூலையைச் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். பொத்தல் சத்தம் வந்தால் பூச்சு விட்டிருக்கிறது. பழைய பூச்சை உதிர்த்துவிட்டு, தண்ணீர் நிற்காதபடி சரிவாக உருட்டிப் பூசச் சொல்லுங்கள். மயிரிழை விரிசல்களை உளியால் கொஞ்சம் அகலப்படுத்தி, தூசியை ஊதிவிட்டு, பிறகுதான் ஃபில்லரைத் திணிக்க வேண்டும். விரிசலின் மேலேயே தடவிவிட்டுப் போவது அடுத்த ஆண்டுக்கும் வேலை வைத்துக்கொள்வதாகும். வெள்ளைக் ‘கூலிங் பெயிண்ட்’ அடித்தால் ஒழுகாது என்று கடையில் சொல்வார்கள். அது வெயிலைத் திருப்பி அனுப்பும். நல்ல மே மாதச் சரக்கு. விரிசலை அடைக்காமல் அதை மட்டும் பூசுவதில் பயனில்லை.

சுவர் இடுக்கில் முளைத்த ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் கத்தரித்துவிட்டு வந்துவிடாதீர்கள், இரண்டு மழையில் இன்னும் தடித்து வரும். சிறிதாக இருக்கும்போதே வேரோடு கெல்லி எடுத்து, அந்தக் குழியை உடனே அடைத்துவிட வேண்டும்.

மாடியிலிருந்து இறங்கும் குழாய் எங்கே போகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது அவசர அவசரமாகத் தோண்டிய குழிகள் பலவற்றில் இன்று சேறு கெட்டியாகிக் கிடக்கிறது. மூடியைத் திறந்து, மேல்மணலை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதுமணல் போடுங்கள், கூழாங்கல்லைக் கழுவித் திரும்பப் போடலாம். செய்யாவிட்டால் மாடித் தண்ணீர் குழியில் இறங்காமல் அஸ்திவாரத்தைச் சுற்றி நிற்கும்.

சுவரும் முற்றமும்

ஆடிக் காற்று மேற்கிலிருந்து வருகிறது, ஐப்பசிச் சாரல் பெரும்பாலும் வடக்கிலும் கிழக்கிலும் அடிக்கிறது. ஆகவே பெயிண்ட் வாங்கக் காசு குறைவாக இருந்தால் அந்த இரண்டு பக்கத்துக்கு மட்டும் அடியுங்கள். சன்ஷேடின் அடிப்பக்க விளிம்பில் தண்ணீர் சொட்டி விழுவதற்கு ஒரு காடி வெட்டியிருக்க வேண்டும். பாதி வீடுகளில் இருப்பதில்லை. அது இல்லாவிட்டால் தண்ணீர் சன்ஷேடின் அடியோடு ஊர்ந்து ஜன்னல் சட்டத்துக்குள் போகும். வடக்கு ஜன்னலின் கீழே மட்டும் சுவர் பொருமுகிறதென்றால் முதலில் இதைப் பாருங்கள்.

மேலிருந்து வரும் ஈரம் ஒரு வகை. கீழிருந்து ஏறுவது இன்னொன்று, ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் தீவில் நிலத்தடி நீர் ஆழத்தில் இருப்பதில்லை. பழைய வீட்டு அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது. திரி எண்ணெயை ஏற்றுவதுபோலச் செங்கல் நீரை ஏற்றிக்கொள்கிறது. தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரம்வரை சுவர் உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிரும். இதற்குப் பெயிண்ட் கடைக்காரர் சொல்லும் மருந்து, சிமெண்ட் பூசி மேலே எனாமலோ டைல்ஸோ போடுவது. இரண்டு ஆண்டு அழகாக இருக்கும். வெளியேற வழியில்லாத நீர் டைல்ஸுக்கு மேலே ஏறிப்போய் நாலரை அடி உயரத்தில் பூக்கும். மூன்றடியில் நின்றிருந்த தொல்லை மார்புயரத்துக்கு வந்திருக்கும். உப்பை உலர்ந்த தூரிகையால் தேய்த்துத் தள்ளிவிட்டு, உதிர்ந்த இடத்தில் சுண்ணாம்புப் பூச்சே பூசி, வெள்ளை அடித்து விடுவது மேல். ஒவ்வோர் ஆண்டும் அடிக்க வேண்டியிருக்கும். பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும் வழக்கம் இருந்த ஊரில் இது ஒரு குறையாகத் தோன்ற வேண்டியதில்லை.

முற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்து நெடுவீடுகள் இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டியவை. வாசலையும் கொல்லையையும் விட்டால் காற்று வருகிற ஒரே இடம் முற்றம். சாரல், குரங்கு, திருட்டு என்று பல காரணம் சொல்லி அதன்மேல் ஷீட் போட்டு மூடிவிடுகிறார்கள். மூடிய அடுத்த ஆண்டே ரேழியிலும் கூடத்திலும் முடைவாடை வந்துவிடும். மூடத்தான் வேண்டும் என்றால், சுற்றியுள்ள ஓட்டுக்கூரைக்கு மேலே ஓரடி, ஒன்றரை அடி உயர்த்தி ஷீட்டைப் போட்டு, பக்கவாட்டு இடைவெளிக்குக் கம்பிவலை அடியுங்கள். ஷீட் நாற்புறமும் ஓட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் சாரல் உள்ளே வராது, சூடான காற்று மேலே போகும் வழியும் அடையாது. ஏற்கெனவே இறுக்கமாக மூடியிருந்தால் வெல்டரைக் கூப்பிட்டு உயர்த்திவிடலாம். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லும் செலவுகளில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் ஸ்ரீரங்கத்துக்காரர் இதைச் செய்யட்டும்.

முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் தூம்பை மறக்க வேண்டாம். நீண்ட மூங்கிலோ பிளாஸ்டிக் குழாயோ விட்டுத் தெருச் சாக்கடைவரை குத்திப் பாருங்கள். வெளிமுனையில் கம்பிவலை வையுங்கள்; மழைநாளில் பாம்பு உள்ளே வர விரும்பும் வழி அதுதான். வந்துவிட்டால் கம்பெடுக்காமல், அறைக் கதவைச் சாத்தி, அடியில் துணி திணித்துவிட்டு 101-க்குப் போன் செய்யுங்கள். தீயணைப்புத் துறையினர் பிடித்துக்கொண்டு போவார்கள். கடித்துவிட்டால் வேறெங்கும் அலையாமல் நேராகப் புத்தூர் அரசு மருத்துவமனைக்கு.

ஓட்டுக்கூரைக்கு ஒரு வார்த்தை. புரட்டாசியில் உடைந்த ஓட்டை மாற்றும்போது பத்திருபது ஓடு கூடவே வாங்கி வையுங்கள். குரங்கு நடமாடும் தெருவில் கார்த்திகைக்குள் தேவைப்படும்.

கோரையாறு ஏறும்போது

புத்தூரில் குடியிருப்பவர் தெரிந்துவைத்திருக்க வேண்டியது தண்ணீர் வரும் திசை. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, ராஜராஜ சோழன் காலத்தது என்று சொல்லப்படும் உய்யக்கொண்டான் வாய்க்கால், ஊருக்குள் குழுமாயி அம்மன் கோயிலை ஒட்டி ஓடி, வாழவந்தான்கோட்டை ஏரியில் போய் முடிகிறது. தெற்கிலிருந்து வரும் கோரையாறு புத்தூருக்கு அருகே அதைச் சந்தித்து, குடமுருட்டி என்ற பெயரில் காவிரிக்குப் போகிறது. தொலைக்காட்சியில் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது இங்கே பிசகு. கோரையாற்றுக்கும் மேட்டூருக்கும் தொடர்பில்லை. துவரங்குறிச்சி, விராலிமலைப் பக்கம் இரவெல்லாம் கொட்டினால், புத்தூரில் தூறல்கூட இல்லாத நாளிலும் தண்ணீர் ஏறும். ஸ்ரீரங்கத்துக்குக் கணக்கு வேறு. அங்கே முக்கொம்பு அணையில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்பதுதான் பேச்சு.

வீடு வாங்கும்போதும் வாடகைக்குப் போகும்போதும் தெருவில் வயதானவர்களிடம் 1977 நவம்பர்ப் புயல் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது, 2005-ல் எதுவரை, 2021 நவம்பரில் கோரையாற்றங்கரைக் குடியிருப்புகளுக்குள் புகுந்தபோது இந்தத் தெருவுக்கு வந்ததா என்று கேளுங்கள். முழங்கால், இடுப்பு என்று கையால் காட்டுவார்கள். அந்த உயரத்தைப் படிக்கட்டுச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டு, அதற்கு மேலே இன்வெர்ட்டர் பேட்டரியை ஏற்றுங்கள், மோட்டார் ஸ்விட்சை ஏற்றுங்கள், பத்திரங்களும் சான்றிதழ்களும் இருக்கும் பெட்டியை ஏற்றுங்கள்.

தரைமட்டச் சம்ப்பின் மூடி இறுக்கமில்லாமல் ஆடினால் புரட்டாசியிலேயே மாற்றிவிடுங்கள். தெருவில் கணுக்கால் தண்ணீர் நின்றாலே சாக்கடை அதற்குள் இறங்கிவிடும். இறங்கிவிட்டால் முழுக்க இறைத்துத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிப்பதற்குக் காய்ச்சித்தான். பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ளவர்கள் கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு போட்டுக்கொள்ளலாம். செப்டிக் டேங்க் வைத்திருப்பவர்கள் மழைக்கு முன்பே லாரியைக் கூப்பிட்டு எடுத்துவிடட்டும். ஆனால் ஃபைபர் தொட்டியை முழுக்கக் காலி செய்ய வேண்டாம், நிலத்தடி நீர் ஏறினால் அது மேலே மிதந்து குழாயை உடைத்துவிடும். மாவட்ட நிர்வாகத்தின் பேரிடர் உதவி எண் 1077.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெயின் பலகையில், மின்கசிவு கண்டதும் மின்சாரத்தை வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா? இல்லையென்றால் மற்ற எல்லாச் செலவையும் நிறுத்திவிட்டு அதைப் போடுங்கள். இருந்தால் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள்; டப்பென்று விழ வேண்டும், விழாவிட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரி. கொல்லைப்புற விளக்கு, வாசல் காலிங்பெல், மாடி மோட்டார் ஆகிய மூன்றின் ஒயரையும் எலெக்ட்ரீஷியன் கையால் ஒருமுறை பார்க்கட்டும். ஈரச்சுவரைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறது என்றால் மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்தின் மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லுங்கள்.

கொசுவுக்கு ஒரு கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தேங்கிய நீரைக் கவிழ்த்தால் சங்கிலி அறுந்துவிடும். கவிழ்த்தால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்க்கவும் வேண்டும். அதில் ஒட்டிய முட்டை காய்ந்துபோயும் பல மாதம் உயிரோடிருக்கும். எல்லாருக்கும் பூந்தொட்டித் தட்டு நினைவு வரும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தண்ணீர்த் தட்டும், கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுரலின் குழியும் நினைவுக்கு வராது. உரலைக் கவிழ்க்க முடியாதென்றால் குழியில் மணலைக் கொட்டி நிரப்பிவிடுங்கள்.

கொலு இறங்கும் நாளில் பரண்

நவராத்திரி முடிந்து பொம்மைகளைக் கட்டி ஏற்றும் நாள், பரணைப் பார்ப்பதற்கு நாட்காட்டியே குறித்துக்கொடுத்த நாள். மழைக்குச் சில நாளே பாக்கி. மண்பொம்மையும் காகிதக்கூழ்ப் பொம்மையும் ஈரத்தில் வண்ணம் உரியும். பழைய வேட்டித்துணியில் சுற்றி, அதன்மேல் செய்தித்தாள் சுற்றி, மரப்பெட்டியில் வையுங்கள். பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே மாட்டிய ஈரம் அங்கேயே வேர்த்துக்கொண்டிருக்கும். பரணில் சுவரை ஒட்டி எதையும் வைக்காமல் நான்கு விரல் இடம் விடுங்கள். பீரோவுக்கும் இதே விதி.

பட்டுப்புடவைகளை இந்த வாரத்திலேயே எடுத்து, நேர்வெயிலில் அல்லாமல் மாடிப்படி நிழலில் ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடித்து, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஜரிகை மேல் ரசகற்பூர உருண்டை படக்கூடாது. வசம்புத் துண்டுகளைச் சிறு துணிமுடிச்சாகக் கட்டிப் போட்டால் பூச்சிக்குப் போதும். ஆனால் வசம்பு ஈரத்தை எடுக்காது. அதற்கு சிலிக்கா ஜெல் பொட்டலம். சுட்ட சுண்ணாம்புக்கல்லைக் கிண்ணத்தில் வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம், தண்ணீர் பட்டால் கொதிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

அரிசி, பருப்பு, மிளகாய் வற்றல் எல்லாவற்றையும் புரட்டாசி வெயிலில் காயவைத்து, ஆறிய பிறகு டப்பாவில் கொட்டுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோக்கும். புளிக்கும் உப்புக்கும் பீங்கான் ஜாடி.

ஜன்னலை எப்போது திறப்பது

மார்கழியில் விடியற்காலை ஜன்னலைத் திறந்துவைத்து ‘நல்ல காற்று’ வாங்குகிறவர்கள் உண்டு. ஆளுக்கு நல்லதோ என்னவோ, வீட்டுக்கு நல்லதல்ல. அந்த நேரத்துக் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும். மாடித் தட்டோடு நனைந்து வழுக்குவதைப் பார்த்தாலே தெரியும். 20 டிகிரியில் ஈரம் ததும்ப நிற்கும் அதே காற்று, பகலில் 28 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 62 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். தண்ணீர் குறையவில்லை, காற்றின் கொள்ளளவு கூடியிருக்கிறது. அந்த வெற்றிடம் உங்கள் சுவரிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே காலை ஒன்பதரை, பத்துக்குத் திறந்து, மாலை நாலரைக்குச் சாத்துங்கள். சாத்துகிற நேரம் கொசு வருவதற்கும் சற்று முன்பாக அமைந்துவிடுகிறது. எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடும். மழை பெய்யும் பகலில் சாத்திவிட்டு மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். மார்கழியில் விசிறி எதற்கு என்று பெரியவர்கள் முறைத்தால், அவர்கள் இல்லாத அறையில் ஓடட்டும்.

வீட்டுக்குள் கொடி கட்டித் துணி உலர்த்துவதை முடிந்தமட்டும் தவிர்க்கப் பாருங்கள். ஒரு கொடித் துணியிலிருந்து போகிற தண்ணீர் லிட்டர் கணக்கில் இருக்கும். அது வேறெங்கும் போவதில்லை, உங்கள் மெத்தைக்கும் சுவருக்கும்தான். வேறு வழியே இல்லாத ஃபிளாட்காரர்கள் ஒரே அறையைத் துணிக்கென்று ஒதுக்கி, அதன் வீட்டுப்பக்கக் கதவைச் சாத்தி, வெளிப்பக்க ஜன்னலைத் திறந்து, விசிறி போடட்டும். ஃபிளாட்டில் பொது மாடி யாருடையது என்ற சண்டை தனி. மழைக்கு முன் சங்கக் கூட்டத்தில் மாடிக் குழாயைச் சுத்தம் செய்யும் தேதியை மட்டுமாவது முடிவுசெய்யுங்கள்.

விடியலில் வெந்நீரும் கரியும்

வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் வரிசையில் நிற்க மூன்று மணிக்கே எழுந்து குளிப்பவர்கள் ஸ்ரீரங்கத்தில் உண்டு. குளிர்கால விபத்துகள் அந்த வேளையில்தான் குளியலறையில் நடக்கின்றன. வாளியில் போடும் ஹீட்டர் ராடை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். அதுதான் இருக்கிறது என்றால், ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லாருக்கும் தினமும் சொல்லுங்கள். கேஸ் கெய்சரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்ட வேண்டும். சில பழைய வீட்டுக் கொல்லையில் இன்னும் புகைபோக்கியோடு நிற்கும் செப்புப் பாய்லர் இந்த விஷயத்தில் எவ்வளவோ பத்திரம்: எரிவது வெளியே, குளிப்பது உள்ளே.

கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையில்லை, நிறமில்லை, தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். பிள்ளை பெற்றவளுக்கு இதமாக இருக்கட்டுமென்று கணப்புச் சட்டியை வைத்துக் கதவைச் சாத்துவது, குழந்தைக்குச் சாம்பிராணி காட்டிவிட்டுத் தூபக்காலை அறையிலேயே விடுவது இரண்டும் வேண்டாம். கதவைத் திறந்துவைத்துத் தூபம் காட்டிவிட்டு, கனலை முற்றத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

பெரியவர்கள் படுக்கும் அறைக்குச் சூடாக்கும் கருவி தேவையில்லை. கட்டிலை வடக்குச் சுவரிலிருந்து ஓரடி தள்ளிப் போடுங்கள். கிரானைட்டும் டைல்ஸும் விடியற்காலையில் காலைச் சில்லிடவைக்கும். கட்டிலிலிருந்து குளியலறைவரை முசிறிப் பக்கத்துக் கோரைப்பாயை விரித்து, வழுக்காமல் அடியில் ரப்பர் வலை போடுங்கள். பாயைப் பகலில் சுருட்டி வெயிலில் நிறுத்த வேண்டும். விரித்தபடியே விட்டால் அடியில் பூசணம் பிடிக்கும். இலவம்பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் வாரம் ஒருநாள் மாடி வெயில். வழியில் இரவு முழுக்க எரியும் ஒரு சிறிய விளக்கு.

ஏற்கெனவே பூசணம் வந்துவிட்ட சுவரை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். தூளெல்லாம் மூச்சில் ஏறும். மூக்கை மூடிக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்து, பிளீச்சிங் கரைசல் தடவி, ஜன்னலைத் திறந்து காயவிடுங்கள். பிளீச்சிங்கோடு ஆசிட்டையோ வேறு கழிப்பறைத் திரவத்தையோ கலக்கக் கூடாது, நச்சுப்புகை வரும். துடைத்த இடத்தில் மூன்று வாரத்தில் திரும்ப வந்தால், அதற்கு நேர் மேலேயோ பின்னாலேயோ ஒழுகல் இருக்கிறதென்று பொருள். மறுபடி மாடிக்கு ஏறுங்கள்.

மாசி வரை விட்டுவைப்பவை

கார்த்திகையில் வாசற்கதவு உப்பி, சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். தச்சரைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் உப்பிய மரத்தை இழைத்துவிட்டால் சித்திரையில் அது சுருங்கி, விரல் நுழையும் இடைவெளி விழும்; அடுத்த மழைக்குச் சாரலும் பூரானும் அந்த வழியாகத்தான் வரும். இப்போதைக்கு உரசும் விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்து ஓட்டுங்கள். மாசிக் கடைசியில் மரம் காய்ந்த பிறகும் உரசினால் அப்போது இழைக்கலாம், இழைத்த விளிம்புக்கு உடனே வார்னிஷ் பூச வேண்டும். உட்சுவர் பெயிண்டுக்கும் அதே காலம்தான். பொங்கலுக்கு அடித்துவிட வேண்டும் என்று மார்கழியில் அவசரப்பட்டு அடிக்கும் பிளாஸ்டிக் பெயிண்ட், ஈரச்சுவரில் கொப்புளம் கொப்புளமாக எழும். சுண்ணாம்பு வெள்ளை மட்டும் அடித்துப் பொங்கலைக் கொண்டாடுங்கள். பெயிண்ட் அடிப்பதற்கு முதல் நாள் இரவு, ஓரடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் நாற்புறமும் டேப் ஒட்டி விடுங்கள். காலையில் தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் பெயிண்டரை இன்னும் இரண்டு வாரம் கழித்து வரச்சொல்லுங்கள்.